மூன்று முறை திரும்பி வந்த அலாரம் கடிகாரம்

லாபிஸ் ஊரில் நான் வேலை பார்த்த கடையில், பிரித்த சாமான்களைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரு பலகை தொங்கியது. எழுதியது நான்தான். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆனாலும் படிக்க முடியாத எழுத்தில்லை. பாதி தின்ற பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து நமத்துப்போச்சு என்பார்கள். தலையெண்ணெய்ப் புட்டியில் இரண்டு விரல் அளவு குறைந்திருக்கும், வாசம் சரியில்லை என்பார்கள். தீமிதிக்குக் கட்டிய வேட்டி மஞ்சள் கறையோடு வந்து சேரும், நீளம் போதவில்லையாம். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே போய்விடுவார். என்னைப்போல் பேசத் தெரியாதவனிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவார்கள் என்பது அவர் கணக்கு.

சரக்குத் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். ரெங்கம்மாள் விஷயத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். அதைச் செய்யாமல் இருந்தால் போதும்.

1. ஸ்டேஷன் நேரம்

ரெங்கம்மாள் நாலு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பிந்தினால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. பிந்திவிடுவோமோ என்ற பயத்தில் அவர் சரியாகத் தூங்குவதே இல்லை. தூங்க வேண்டும் என்பதற்காகவே மூன்று வெள்ளிப் பணம் சேர்த்து ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்தில் அதுதான் முதல் கடிகாரம். ரயில் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்து, சாவி கொடுக்கவும் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரமே கொண்டுவந்தார். கடிகாரம் மெதுவாக ஓடுகிறதாம், அரைப் பேர் விழுந்துவிட்டதாம். ஒரு நாள் முழுக்கக் கடையில் வைத்து ஸ்டேஷனோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூடத் தவறவில்லை. திருப்பிக் கொடுத்தேன். மறுபடி கொண்டுவந்தார், மறுபடி ஒத்துப் பார்த்தேன், மறுபடி கொடுத்தேன். மூன்றாம் தடவை, கடை நிறைய ஆள் இருக்கும்போது அதை அரிசி மூட்டையின் மேல் வைத்தார்.

"தம்பி, மூணு தடவ லேட்டு. இன்னொரு வாட்டின்னா வெட்டுலேர்ந்து எடுத்துப் புல்லு வெட்டுக்குப் போட்டுருவேன்னு கிராணி சொல்லிட்டாரு. புல்லு வெட்டுக் கூலியில ரெண்டு புள்ளைங்கள எப்படி வளக்குறது? இந்தச் சனியன எடுத்துக்கிட்டு என் காசக் குடுங்க."

பிரித்த சாமான் என்று நான் பலகையைக் காட்டினேன். பிரிக்காமல் எப்படி நேரம் பார்ப்பது என்று அவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

முதலாளிக்கு வேறு சந்தேகம். சாவியைக் கண்டபடி முறுக்குகிறார், இல்லையென்றால் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

2. தோட்டத்து நேரம்

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் நேரம் வைத்து, கடிகாரத்தைத் துணியில் சுற்றி, சைக்கிளில் மண் சடக்கு வழியாகத் தோட்டத்துக்குப் போனேன். பால் நிறுக்கும் கொட்டகையில் கூட்டம். ரெங்கம்மாள் வாளியோடு வரிசையில் நின்றார். நான் துணியைப் பிரிக்கவும், ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டில் பதினொரு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. என் கையிலிருந்த கடிகாரம் பத்து முப்பத்தைந்து காட்டியது.

சைக்கிள் குலுக்கலில் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னல் வழியாக ஆபீஸ் கடிகாரம் தெரிந்தது. அதில் பதினொன்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெயில் ஏறினால் பால் குறையும் என்பதால், ஆட்களைச் சீக்கிரம் மரத்துக்கு இறக்க ஆபீஸ் கடிகாரத்தையே யாரோ முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். வேறு கடிகாரம் பார்க்காத லயத்துக்கு அது தெரிய வழியில்லை.

கிராணி வெளியே வந்தார். ஆபீசுக்கும் துரை பங்களாவுக்கும் எங்கள் கடையில்தான் சாமான் எடுப்பார்.

"என்னங்க கடைக்காரரே, மணியெல்லாம் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க. உங்க மணி என்ன சொல்லுது?"

முப்பது நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். பத்து முப்பத்தைந்து என்று சொல்வதற்கு எத்தனை வார்த்தை வேண்டும்?

"பழுதுங்க" என்றேன்.

ரெங்கம்மாள் வாளியைக் கீழே வைத்தார். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? கடைக்காரரு வாயாலயே சொல்லிட்டாரு. இப்பக் குடுங்க காச."

பையிலிருந்த என் காசைக் கொடுத்தேன். கிராணி சைக்கிள் வரை கூட வந்தார். "ஸ்டேஷன் மணி வேற, தோட்டத்து மணி வேற. தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க பாருங்க, அதான் நல்லது" என்று மெதுவாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். கடிகாரம் நன்றாக இருக்கிறது, பழுது என்றது நீ, ஆகையால் நீயே வைத்துக்கொள் என்று முடித்துவிட்டார்.

3. இருபத்தைந்து நிமிஷம்

இரண்டு நாள் கழித்துத்தான், முள்ளை இருபத்தைந்து நிமிஷம் தள்ளி வைத்தால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கொட்டகையில் நிற்கும்போது தோன்றாத புத்தி! ரெங்கம்மாள் கருவாடு வாங்க வந்த அன்று, அப்படியே வைத்துக் கொடுத்து, மணி அடிப்பதுதான் முந்துகிறது, கடிகாரம் சரி என்று தணிந்த குரலில் சொன்னேன். காசு வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் கடிகாரத்தைத் தொடவில்லை.

"அத அங்க வச்சுச் சொல்லியிருந்தா நாப்பது பேரு கேட்டிருப்பாங்க. இங்க கருவாட்டுக் கூடைக்கிட்ட என் காதோட சொல்லி என்ன தம்பி ஆகப்போகுது? காசு செலவாயிருச்சு. சும்மா வாங்கிக்கிட்டுப் போனா லயத்துல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கருவாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மறு மாதம் அவரைப் புல் வெட்டுக்கு மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஆகவே, புதிதாக வருகிறவர்களுக்கு: திரும்பி வந்த சரக்கைக் கடையில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள், அது எங்கே புழங்குகிறதோ அங்கே போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டால், பார்த்ததை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். பலகையைக் காட்டி ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பலாம், மறுநாள் அவரே வருவார். சரியான சரக்கை நம் வாயால் நாலு பேர் முன்னால் பழுது என்று சொல்லிவிட்டால், பிறகு இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.