நாவல்பழத்தின் மேல் வந்த சந்தேகம்

என் சித்தப்பா மகன் மனோஜ்குமாருக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் சிரித்தால் அன்றைக்குப் பாலில் தண்ணீர் அதிகம் என்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி நன்றாக இருந்ததற்காகவே அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றவன். இவ்வளவு கவனிக்கிறார்கள் என்றால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று என்னிடமே சொன்னான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீதியில் இருக்கிறான். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்க்கும் வேலை. கொரோனாவில் வீட்டுக்கு வந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் திரும்பிப் போகவே இல்லை. சித்தப்பா லேத் பட்டறைக்கும் சித்தி மில்லுக்கும் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டில் அவனும் மின்விசிறியும்தான். ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தேன். எதிரே யாரும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே போய் என்னடா என்று விசாரித்தேன்.

விஷயம் இதுதான். தாராபுரத்தில் அருண்குமார் என்று ஒருவர், லாரி ஓட்டும் கேமை விளையாடியபடியே யூடியூபில் லைவ் போடுவார். பார்க்கிறவர்கள் பக்கத்திலேயே எழுதி எழுதிப் பேசிக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரு புனைபெயர். மனோஜ் அங்கே "புளிச்சோறு". பில் பார்க்கும்போதே இதையும் ஓரமாகத் திறந்து வைத்துக்கொள்வான். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு மேனேஜரிடம் திட்டு, எல்லாம் அங்கே பேச்சு. நாளடைவில் அவனை மாடரேட்டர் ஆக்கிவிட்டார்கள். பேருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்பேனர் படம் வரும். தப்பாகப் பேசுகிறவரை வெளியே தள்ளலாம். சித்தப்பா காலமெல்லாம் நிஜ ஸ்பேனர் பிடித்தவர், அவருக்குக்கூட இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

ஆடி மாதம் "நாவல்பழம்" என்று ஒருவர் வந்து சேர்ந்தார். மச்சி, மாப்ளே என்று எல்லாரும் கும்மாளம் போடுகிற இடத்தில் இவர் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டு எழுதினார். சாப்பிட்டாயிற்றா என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். ஒருநாள் இப்படிக் கேட்டார்: "வேலை நேரத்துல எல்லாரும் இங்கயே இருக்கீங்களே, ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாங்க?"

அவ்வளவுதான், மனோஜுக்குத் தூக்கம் போனது. வீட்டிலிருந்து ஒழுங்காக வேலை பார்க்காதவர்களைக் கண்டுபிடித்து வேலையை விட்டு அனுப்பப் போவதாக அந்த வாரம்தான் கம்பெனியில் பேச்சு கிளம்பியிருந்தது. நாவல்பழம் வேவு பார்க்கக் கம்பெனி விட்ட ஆள்தான் என்று முடிவு கட்டினான். சோதித்துப் பார்க்க, நாளைக்குத் தலைவலி என்று பொய் சொல்லி லீவு போடப் போவதாக லைவில் எழுதினான். மறுநாள் லீவும் போட்டான். அவனுடைய டீம் லீடர் சமீரா, உக்கடத்தில் தன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர், "ரெஸ்ட் எடுங்க மனோஜ்" என்று பதில் அனுப்பினார்.

"எப்பவும் ஓகேன்னு மட்டும் அனுப்பற மேடம் இன்னைக்கு எதுக்குக்கா ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க?" என்று என் வீட்டு வாசலில் நின்று கேட்டான். தலைவலி என்றவனை வேறென்ன செய்யச் சொல்வார்கள், கபடி ஆடச் சொல்வார்களா என்றேன். காதில் வாங்கவில்லை. போய் நாவல்பழத்தை வெளியே தள்ளினான். ஏன் என்று அருண்குமார் கேட்டதற்கு, கெட்ட வார்த்தை பேசினார் என்று சொல்லிவிட்டான்.

அடுத்த மீட்டிங்கில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் திரையில் இவனும் சமீராவும் மட்டும். அவராகவே பேச்சை ஆரம்பித்திருக்கிறார். மகன் சென்னைக்குப் படிக்கப் போய்விட்டானாம். வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பினால் வீட்டில் ஒரு குரல் கிடையாதாம். ஏதோ லாரி கேம் லைவில் சேர்ந்தது பேச்சுத் துணையாக இருந்ததாம். மனோஜுக்கு அப்போதே நாவல்பழம் யார் என்று விளங்கிவிட்டது. சமீரா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டிருக்கிறார்: "திடீர்னு என்னைய நீக்கிப்போட்டாங்க மனோஜ். எதாச்சும் தப்பாக் கேட்டுட்டனான்னு நெனச்சுக்கிட்டே இருக்கேனுங்க. நீங்க அந்த மாதிரி லைவெல்லாம் பாப்பீங்களா?"

தனக்கு அந்தப் பழக்கமே இல்லை என்று இவன் சொல்லியிருக்கிறான்.

கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூளை இருக்கிறதா உனக்கு, இப்பவே அவரைத் திரும்பச் சேர் என்று கத்தினேன்.

"சேத்தலாங்க்கா. ஆனா என் வாயைப் புடுங்கத்தான் அப்படிக் கேட்டாங்கன்னா?"

முகத்தைப் பார்த்துப் பேசிய பிறகுமா சந்தேகம் என்றேன். இந்த வேலை போனால் வேறு வேலை யார் தருவார்கள் என்று முணுமுணுத்தான். அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல முடியவில்லை. இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. லைவே பார்ப்பதில்லை என்றதற்கு அந்தம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

மனோஜ் செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

"'அப்ப உங்களுக்கு ஊட்டுலயே பேச ஆளிருக்காங்க போல, நல்லதுங்க மனோஜ்'னாங்கக்கா."