பனி வண்டிக்கு எந்தப் பெயின்ற்?

பெயின்ற் விற்கிறவனிடம் எல்லாரும் நிறத்தைத்தான் கேட்பார்கள். துருவைப் பற்றி அவன் வாய் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கடை மேசைக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், வாகன இரும்புகளுக்குப் பூசும் பெயின்ற் விற்கிற கடையில் நான் பல வருடமாக நிற்கிறேன். எனக்குக் கோபம் பிறவியில் வந்ததல்ல. அந்தக் கடையில் வந்தது.

உள்ளே கிடக்கட்டும்

நித்தியர் என்று ஒரு வாடிக்கையாளர். புறநகரான ஓல்னே-சூ-புவாவில் வீடு. பழைய வெள்ளை வான் ஒன்றில் மரக்கறி ஏற்றிவந்து இங்குள்ள கடைகளுக்குப் போடுகிறவர். குளிர்காலத்தில் றோட்டில் கொட்டுகிற உப்பு அவருடைய வானின் அடிச்சட்டத்தைத் தின்றுவிட்டது. வாகனப் பரிசோதனை நெருங்கியதும், மினுங்குகிற கறுப்புப் பெயின்ற் வேண்டும் என்று வந்து நின்றார்.

வெளியே போய்க் குனிந்து சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். கைப்பிடி அளவு துரு சப்பாத்தில் கொட்டியது. "அண்ணை, இது வெல்டிங் ஒட்டுவேலை செய்யிறவனிட்டைப் போகவேண்டிய வான். பெயின்ற் பூசி ஒளிக்கிற விஷயமில்லை. பிரேக் பிடிக்கேக்கை சட்டம் முறிஞ்சா என்ன செய்வியள்?" என்று கேட்டேன். அவருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது.

"நீர் மேலாலை பூச ஒண்டு தாரும் தம்பி. துரு உள்ளுக்கை கிடந்தா ஆருக்குத் தெரியப்போகுது?"

மலைக்குப் போகிறவர்

தயாபரன் யுத்தம் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவர். சார்செலில் ஒரு அறையில் வேறு ஆட்களோடு இருப்பு. குளிர்காலம் முழுக்க அல்ப்ஸ் மலையில் ஒரு ஓட்டலில் கோப்பை கழுவுவார். அதற்கு முன்னர், இலை உதிர்கிற இரண்டு மாதமும், அதே ஓட்டலின் பனி வண்டிகளையும் இழுவைப் பெட்டிகளையும் சுரண்டிப் பெயின்ற் பூசுவார். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் அகலமான ரப்பர் பட்டி. பனியின் மேல் சாமான் ஏற்றி ஓடுகிற வண்டிகள் அவை. அந்த இரண்டு மாதச் சம்பளத் துண்டும் சேர்ந்தால்தான் விசாவுக்குக் காட்டவேண்டிய மாதக் கணக்குச் சரிவரும். விசா கிடைத்தால்தான் வவுனியாவில் இருக்கிற மனைவியையும் மகளையும் கூப்பிடலாம்.

ஓட்டல் முதலாளி, அவர் சொல்வதுபோல் பத்ரோன், வாங்கச் சொன்ன பெயின்றின் படத்தை போனில் காட்டினார். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது வீட்டு வாசல் படலைக்குப் பூசுகிற சாமான். மலைக் குளிரில் விறைத்துப்போய், ஒரு கல்லுப் பட்டதும் சிம்பு சிம்பாகக் கழன்றுவிடும். துருவை வெள்ளை இரும்பு தெரியுமட்டும் சுரண்டி, இரண்டு தகரப் பேணியில் உள்ளதைக் கலந்து பூசுகிற எப்பொக்சியை அடிப்பூச்சாகப் போட்டு, அதன் மேல் பொலியூரித்தேன் பூசச் சொன்னேன். குளிர்ந்த கொட்டிலில் பூசினால் இறுகாது, ஹீற்றர் வையுங்கோ, ஒரு கிழமை ஒருவரையும் தொட விடாதையுங்கோ என்றேன். சறுக்குப் பலகையின் அடிப்பக்கத்தில் உலகத்தில் எந்தப் பெயின்றும் நிற்காது, அங்கே மினக்கெட வேண்டாம் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இந்தமுறையும் கழண்டா இனி வரவேண்டாம் எண்டு பத்ரோன் சொல்லிப்போட்டார் அண்ணை. பாத்துத் தாங்கோ."

பிள்ளையாரும் பம்பரும்

நித்தியரின் வானைப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒட்டுவித்து, என்னிடமே நல்ல பெயின்றும் வாங்கி, பம்பர் உட்பட எல்லாம் பூசினார். அடுத்த நாள் பின்னேரம் வரை தொடவேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனுஷன் அன்று பின்னேரமே வானைக் கோயிலடிக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்திருக்கிறார். ஐயர் பம்பரில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருக்கிறார். விடிய மாலையைக் கழற்ற, பூவெல்லாம் பம்பரோடு ஒட்டி நின்றுவிட்டது.

கடை நிறைய ஆட்கள் நிற்க, நான் பழைய சரக்கை அவர் தலையில் கட்டிவிட்டதாகக் கத்தினார். நானும் கத்தினேன். காயுமுன்னர் பூசைக்குப் போகச் சொன்னது ஆர் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது:

"காயுமட்டும் பொறுங்கோ எண்டு பிள்ளையாருக்கு நான் சொல்லேலுமே?"

வியாபாரம் படிப்பித்தவர்

பனி கரைகிற காலத்தில் தயாபரன் போன் எடுத்தார். குளிர்காலம் முழுக்க ஓடியும் வண்டிகளில் ஒரு இடத்தில்கூடப் பெயின்ற் கழலவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என்னோடு கடையில் நின்ற புதுச்சேரிக்காரர் அந்துவானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, பொழுதுபோக்காக வேலைக்கு வருகிறவர் அவர். மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்டு, அன்று முழுக்க நான் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

"ஏம்பா, உரியாத பெயிண்டையே வித்துக்கிட்டிருந்தா, வாங்கிட்டுப் போன கிளியான் திரும்ப எப்பப்பா நம்ம கடைக்கு வருவான்?"

ஒரு கீறலும் இல்லை

அடுத்த இலையுதிர்காலம். மலையில் நிற்க வேண்டிய தயாபரன் கடை வாசலில் நின்றார். வண்டிகளின் படத்தைக் காட்டினார். சிவப்பு அப்படியே பளபளவென்று இருந்தது. முதலாளி தடவிப் பார்த்து, முதுகில் தட்டி, அருமையான வேலை என்றாராம். இந்த முறை பூச ஒன்றும் இல்லை, அதனால் முன்கூட்டி வரத் தேவையில்லை, பனி விழுந்த பிறகு கோப்பை கழுவ வந்தால் போதும் என்றாராம்.

கழன்றால் வரவேண்டாம், கழலாவிட்டாலும் வரவேண்டாம். இது என்ன நியாயம்? போனை வாங்கி அந்த ஓட்டல்காரனைக் கூப்பிட்டேன். இரண்டு மாதம் குறைந்தால் இந்த மனிதனுக்கு விசா கிடைக்காமல் போய்விடும், வேறு ஏதாவது வேலை கொடுங்கள் என்றேன். வண்டி நல்லாயிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க எதற்கு ஆள் என்று கேட்டு அவன் சிரித்தான். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த தூஷணம் முழுவதையும் கொட்டினேன். அவன் எப்போதோ போனை வைத்துவிட்டான்.

தயாபரன்தான் என் தோளில் கைவைத்து ஆறுதல்படுத்தினார். அவருடைய குரலில் துளி கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"விடுங்கோ அண்ணை. அந்தப் படலைப் பெயின்றையே தந்திருக்கலாம், வருஷம் வருஷம் கூப்பிட்டிருப்பான்."

இப்போது யாராவது வந்து நெடுங்காலம் நிற்கிற பெயின்ற் கேட்டால், துரு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னர் வண்டி யாருடையது, உங்களுடையதா முதலாளியுடையதா என்றுதான் கேட்கிறேன்.