ஷிஃபான் துப்பட்டாவும் என் கேம் பெட்டியும்

மேசைமேல் வைத்து விளையாடும் கேம் பெட்டி ஒன்றை என் கையாலேயே செய்யப்போகிறேன் என்று அறிவித்தபோது, என் மனைவி தையல் மெஷினை நிறுத்தக்கூட இல்லை. முன்பெல்லாம் காசு போட்டு ஆடுவோமே, ஒரு திரை, ஒரு கைப்பிடி, சில பட்டன்கள், அதன் குட்டி வடிவம் என்று விளக்கினேன்.

"அதெல்லாம் சரிங்க, எங்க வெப்பீங்க?"

நியாயமான கேள்வி. எங்கள் ஓசூர் வாடகை வீட்டு ஹாலில் இருப்பது ஒரே மேசை. ஒரு பாதியில் அவள் மெஷின், மறுபாதியில் வாடிக்கையாளர்களின் துணி. அந்த மறுபாதியை எனக்கு விட்டுத்தர ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஷிஃபான் துப்பட்டாவ உங்க பொட்டி மேல எல்லாப் பக்கமும் இழுத்துப் பாப்பேன். ஒரு நூல் மாட்டுனாலும் பொட்டி பரணுக்குப் போயிரும். அப்புறம் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டேன். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவன் நான். அடுத்தவர் கடைந்து அனுப்பும் உருப்படியின் விளிம்பில் நகத்தை ஓட்டி, பிசிறு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், சரியாக இருந்தால் பச்சை. இதற்குத்தான் சம்பளம். இந்தப் பெருமையைச் சாப்பாட்டு வேளையில் வீட்டில் அளக்காத நாளில்லை. விளிம்பைப் பற்றி எனக்கே நிபந்தனையா?

முதலில் மரம். இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர், பிர்ச் பிளைவுட் தவிர எதையும் தொடாதீர்கள் என்றார். ஓரம் நெடுகப் பள்ளமாகக் காடி வெட்டி, அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் பட்டையை அடித்து இறக்கச் சொன்னார். ஓசூரில் அந்தப் பட்டையைக் கேட்ட கடையிலெல்லாம் கார் கதவு ரப்பரை எடுத்துக் காட்டினார்கள்.

கூட வேலை பார்க்கும் மதுரைக்காரர் பரிதாபப்பட்டார். "எதுக்கு மாப்ள அலையிற? மெஷின் வர்ற பேக்கிங் கட்டை பழைய மரக்கடையில மலையாக் கெடக்கு. அம்புட்டும் பைன் மரம். கப்பல் ஏறி வந்ததுய்யா, ஒன்னைய விட ஒலகம் பாத்த மரம்." உலகம் பார்த்த மரம்தான். உடம்பெல்லாம் ஆணி ஓட்டையோடு பார்த்திருந்தது.

அடுத்து, வேப்பனப்பள்ளிப் பக்கம் மாமனார் தோப்பில் சாய்ந்த மாமரத்துப் பலகை. தட்டிப் பார்த்தேன், மாவு கொட்டியது. எனக்கு முன்பே வண்டுகள் அதில் விளையாட ஆரம்பித்துவிட்டன.

"எங்கப்பா வீட்டு மரத்துக்கும் சிவப்பு ஸ்டிக்கருங்களா?" என்றாள் மனைவி.

கடைசியில் பிளைவுட் கடைக்குப் போனேன், கையில் வெர்னியருடன். மயிரிழைத் தடிமனையும் கவ்வி அளந்து சொல்லும் கருவி அது. பிளைவுட் கடைக்கு அதைத் தூக்கிப்போகும் புத்தி எங்கள் பிரிவு ஆட்களுக்கு மட்டுமே வரும். பதினெட்டு மில்லி என்று போட்டிருந்த பலகையைக் கவ்வினேன். பதினேழரைகூட இல்லை.

"அண்ணா, இது பதினெட்டு இல்லையே."

கடைக்காரர் வீட்டில் கன்னடம், கடையில் மூன்று பாஷை. "பதினெட்டுன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு சார். அம்பது வயசு ஆளை தம்பின்னு கூப்பிடறதில்ல? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. இது மரம், பிஸ்டன் இல்ல."

நான் விடுவேனா? பலகை பலகையாகப் புரட்டி அளந்து, எல்லா மூலையிலும் ஒரே தடிமன் காட்டிய ஒன்றை வெற்றியோடு எடுத்துவந்தேன். வீட்டில் அறுத்த பிறகுதான் தெரிந்தது, உள் அடுக்குகளுக்கு நடுவே எலி குடியிருக்கும் அளவுக்குச் சந்து. தடிமனை அளந்த மகான், ஓரத்தைக் குனிந்து பார்க்கவில்லை.

அதனாலென்ன, மூடிவிடலாம். பலகைகளைப் பெட்டியாக இணைத்து, மர நிற பிளாஸ்டிக் டேப்பை ஓரமெங்கும் ஒட்டி, மிஞ்சியதை பிளேடால் சீவினேன். நகத்தை ஓட்டிப் பார்த்து, பச்சை ஸ்டிக்கரையும் நானே ஒட்டிக்கொண்டேன்.

மனைவி கத்திரிப்பூ நிறத் துப்பட்டாவோடு வந்தாள். மெதுவாக இழுத்தாள். மாட்டியது. அலமாரியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, மாட்டிய இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். மறுபடி இழுத்தாள், இன்னொரு பொட்டு. சந்து இருந்த இடத்திலெல்லாம் டேப் உள்வாங்கி, அதன் ஓரம் கத்தியாக நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

"பச்சை யாரு ஒட்டுனது?"

"நான்தான்."

"செஞ்சவரே பாஸ் போட்டுக்குவாரா? நல்ல கம்பெனிங்க."

பரணைப் பார்த்தேன். "சரிபண்ணித் திரும்பக் காட்ட ரீவொர்க்னு ஒண்ணு உண்டும்மா" என்றேன்.

"ஒரே தடவைதான்."

பிளைவுட் கடைக்காரர் நடந்ததைக் கேட்டதும், "உள்ள இருக்கிற சந்த அளக்க உங்க வெர்னியர்ல வழி இல்லையா சார்?" என்று விசாரித்துவிட்டு, ஓரத்தில் ஒட்டும், அரைவட்டமாக இழைத்த தேக்குப் பட்டையான பீடிங்கைக் கட்டிக் கொடுத்தார். டேப்பை உரித்தேன். மரத்தூளையும் பசையையும் குழைத்துச் சந்துகளை அடைத்தேன். அதன்மேல் பீடிங்கை ஒட்டி, முதலில் சொரசொரப்பு, பிறகு நைஸ் என்று உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். இந்த முறை நகத்தை நம்பவில்லை. மெஷினுக்கடியில் கிடந்த ஷிஃபான் வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஓட்டிப் பார்த்தேன். எங்கும் மாட்டாத பிறகே திரையையும் கைப்பிடியையும் பட்டன்களையும் பொருத்தினேன்.

மறு பரிசோதனையில் துப்பட்டா இழுக்கும் முன்பே வழுக்கித் தரையில் விழுந்தது. அவள் எடுத்து மறுபடி போட்டாள், மறுபடி வழுக்கியது. ஓரமெல்லாம் உள்ளங்கையால் தடவியவள், திரைக்கு மேலே, நெற்றி நடுவில், ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

"ஏம்மா, இன்னும் என்ன குறை?"

"எங்கிட்ட பச்சைப் பொட்டு இல்லைங்க."

பெட்டிக்கு மேசை கிடைத்தது. மறுநாள் வேலை முடிந்து, விளையாடும் ஆசையோடு வந்தேன். பெட்டியைக் காணோம். கூர்ந்து பார்த்தால், அதன்மேல் துப்பட்டாக்களும் பட்டு ரவிக்கைகளும் அடுக்கடுக்காகக் கிடந்தன. கைப்பிடியில் ரவிக்கைக் கொக்கிகள் போட்ட பை ஒன்று தொங்கியது.

"இந்த வீட்ல இத்தனை வழவழப்பா எதுவுமே இல்லைங்க. துணிக்குன்னே செஞ்சாப்பல இருக்குது."

"நான் எப்ப ஆடறது?"

"தீபாவளித் துணியெல்லாம் குடுத்து முடியட்டும்" என்று மெஷினை மிதித்தாள்.