பாலாற்றில் அன்னம் நீந்திய கதை

இன்று மதியம் எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரம் உழைத்துச் செய்த இரண்டு நிமிட வீடியோவை அலுவலக மேலாளர் திரையில் போட்டார்.

பாலாற்றில் தண்ணீர் வந்த நாளைப் பிள்ளைகளே வரைந்தார்கள். தாங்களே கட்டிய பாட்டைப் பாடினார்கள். அதை என் போனில் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் படத்தோடு சேர்த்ததும் அவர்கள்தான். முடித்த வீடியோவை என் போனிலும் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் கொடுத்திருந்தேன்.

திரையில் வந்தது வேறு. ஆற்றில் அன்னங்கள் நீந்தின. கரையில் வெள்ளை வெளேரென்று பொம்மை முகத்தோடு குழந்தைகள் நின்றார்கள். யாரோ ஒரு பெண் ஸ்டுடியோ குரலில் பாடினாள்.

செவிலிமேட்டிலிருந்து வரும் கயல் எழுந்து நின்றாள். "மிஸ், நான் வரைஞ்ச எருமை எங்க? நாங்க பாடுனதும் வரலையே?"

அலுவலக மேலாளரிடம் போய்க் கேட்டேன்.

"பசங்க கிறுக்குனத அப்படியே போட்டா நல்லாவா இருக்கும்மா? சுருதியும் சேரல. அதான் ஏஐல குடுத்து நீட்டா மாத்திட்டேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எட்டு வயசுப் பிள்ளைங்க சார். அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். ப்ரொஜெக்டர் வயரைப் பிடுங்கி என் போனில் மாட்டி, பிள்ளைகள் செய்ததைப் போட்டேன்.

சுருதி சேரவில்லைதான். நடுவில் ஒருவன் இருமுகிறான். முடிந்ததும் கயலின் அப்பா, "இன்னொரு வாட்டி போடுங்கமா" என்றார்.

மரியாதையில்லாமல் நடந்துகொண்டதற்கு நாளைக் காலைக்குள் பள்ளி நிர்வாகத்துக்கு நான் விளக்கக் கடிதம் தர வேண்டுமாம். எழுதிவிட்டேன், ஒரு பக்கம் வந்திருக்கிறது. 'மன்னிக்கவும்' என்ற வார்த்தை மட்டும் எங்குமே வரவில்லை. சேர்க்கச் சொல்கிறவர்கள் கீழே கமெண்டில் வந்து காரணம் சொல்லுங்கள்.