முந்திரிக்கொட்டை வைத்த தழும்பு

ஆலங்குடியில் நாலாம் பாரம் படித்தபோது, அம்மை குத்திக்கொள்ளப் பயந்து, பச்சை முந்திரிக்கொட்டையை நசுக்கி அதன் பாலை இடது கையில் வைத்தேன். தோல் வெந்து, ஏற்கெனவே குத்திய புண் மாதிரியே ஆனது. சிநேகிதன் செல்லையாவுக்கும் நானே வைத்துவிட்டேன்.

பள்ளிக்கு வந்த அம்மை குத்துபவர் எங்கள் கைகளைப் பார்த்துச் சிரித்தார். “கொட்டைப்பாலு சுட்டது எனக்குத் தெரியாதாப்பா? ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லல. அந்தக் கைய நீட்டுங்க.” இருவருக்கும் வலது கையில் குத்தினார்.

அடுத்த மாதமே செல்லையாவின் அண்ணனுக்குப் பெரியம்மை. பதறி ஓடினேன். வேப்பிலை செருகிய வாசலுக்குள்ளிருந்து செல்லையாவே குரல் கொடுத்தான்: “எனக்கு ஒண்ணுமில்லடா. நீ அங்கிட்டே நில்லு.”

தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவன் அண்ணனும் பிழைத்துக்கொண்டார். இன்றும் செல்லையா சட்டையைக் கழற்றினால், வலது கைத் தழும்பை நிம்மதியாகப் பார்ப்பேன். இடது கைப்பக்கம் மட்டும் கண் போகாது.