510511-ஐ வகுத்த நாள்

நன்னிலத்தில் நாங்கள் குடியிருந்த இரண்டு ஆண்டுகளும் என் மனைவி அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஒரு நாளிதழின் நிருபர். அவளோடு வேலை பார்த்த இன்னொரு கணக்கு வாத்தியார், கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட நான்கு வயது இளையவர். வீட்டில் அவள் அவரைப் பற்றிப் பேசியதில்லை, எண்களைப் பற்றித்தான் பேசினாள். ஆனால் எல்லா எண்களும் அவரிடமிருந்தே வந்தன.

ஒருநாள் காலை இட்லி வைத்தபடியே 510511 என்றாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு என்ற முதல் ஏழு பகா எண்களையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது. அந்த ஏழில் எதனால் வகுத்தாலும் மீதி ஒன்று. ஆகவே அதுவும் பகா எண் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதப்போகிறாளாம்.

"எவ்வளவு அழகா யோசிக்கிறார் தெரியுமா?" என்றாள். நான் எழுதிய எந்தச் செய்தியைப் பற்றியும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அன்று தாலுகா அலுவலகத்தில் அறுவடைக் கூலிப் பேச்சுவார்த்தை. மிராசுதார்களும் சங்கத்துக்காரர்களும் உள்ளே. வெளியே போலீஸ் வேனும் நானும். வயல்களில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. வெளியூர் ஆட்களை இறக்கினால் அடிதடிதான் என்று பேச்சு. கதவு திறக்கும்வரை எழுத ஒன்றுமில்லை. குறிப்பேட்டில் அந்த எண்ணை எழுதி வகுக்கத் தொடங்கினேன். கணக்கில் எனக்கு ஆர்வமில்லை. அது உடைந்தால் போதும்.

அந்த ஏழு எண்களுக்கும் மீதி ஒன்றுதான் வந்தது. அடுத்த பகா எண் பத்தொன்பது. மீதியே இல்லை. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று மறுபடி வகுத்தேன். ஈவு 26869, மீதி பூஜ்யம். அவர்கள் ஏழாவதோடு நிறுத்திவிட்டு எட்டாவதைப் போட்டே பார்க்கவில்லை.

நாலு மணிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. செய்தியைத் தந்தியில் அனுப்பிவிட்டு, வழக்கமான டீக்கடையில்கூட நிற்காமல் சைக்கிளை மிதித்தேன்.

வீட்டில் குறிப்பேட்டுத் தாளைக் கிழித்து நீட்டினேன். அவள் பெருக்கிச் சரிபார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்து முடிப்பதற்குள், "ஏங்க, அவர்கிட்ட உடனே சொல்லணும்" என்றாள்.

"நாளைக்கு ஸ்கூல்ல சொல்லிக்கலாமே."

"அதுவரைக்கும் தாங்காது. சைக்கிளை எடுங்க."

கேரியரில் உட்கார்ந்து, 26869-உம் உடையுமா என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கடையில் அவர் தாளைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்குத் தோணவேயில்லையே சார். நீங்க எப்படிப் பத்தொன்பதுக்குப் போனீங்க?"

சும்மா பொழுது போகாமல் வகுத்ததாகச் சொன்னேன். அவர் அதை நம்பினார். அதற்காகவும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

இருவரும் துணி சுற்றும் காகிதத்தில் குனிந்தார்கள். "தொண்ணூத்தேழு போட்டுப் பாருங்க டீச்சர்" என்றார். போட்டாள். இருநூற்று எழுபத்தேழு வந்தது. அதற்குமேல் உடையாது. இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவருடைய தகப்பனார் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டு, கூலி என்ன முடிவாயிற்று என்று விசாரித்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஒருவர்தான் கேட்டார்.