பிணம் சிரித்தால்தான் பேக்-அப்

ஷூட்டிங்குக்கு வீடு விடுவது என்பது சம்பந்தி வீட்டாரைக் கூட்டிவந்து தங்கவைத்துக்கொள்வது மாதிரி: அவர்கள் கேட்பதெல்லாம் நியாயம், நாம் கேட்பதெல்லாம் குறுக்கீடு. செஞ்சிக்கு வரும் சினிமாக்காரர்கள் முன்பெல்லாம் கோட்டையில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது குடும்பக் கதைக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு மொட்டை மாடியிலிருந்து மலை தெரிகிற வீடு வேண்டும். எங்கள் வீட்டில் தெரிகிறது. அது எங்கள் தலையெழுத்து. ஒரு சீரியலையும் ஒரு பிஸ்கட் விளம்பரத்தையும் தாங்கிய பிறகு வந்தது இந்தப் படம். ஷூட்டிங்குக்கு வீடு விட்டுப் பார்த்த சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் படித்துப் பிழைத்துக்கொள்ளுங்கள்.

வாசலிலேயே கண்ணீர்

மேனேஜர் செருப்போடு கூடம் வரை வந்தார். கதை சொன்னார். மனைவியைப் பறிகொடுத்த ஒருவன், கோபித்துக்கொண்டு போன மகளுக்கு மறுபடியும் அப்பாவாக இருக்கப் பார்க்கிறானாம். இழப்பு, இரண்டாவது வாய்ப்பு என்று கையை விரித்து விரித்துச் சொன்னார். "கதை இருக்கட்டும் சார், சுவரில் ஆணி அடிப்பீங்களா?" என்றேன். அவர் காதில் அது விழவில்லை. கூடத்தை ஒரு சுற்று சுற்றினார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். போன தீபாவளிக்குத்தான் வெள்ளையடித்த வீடு. நான் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்து நின்றேன்.

"மேடம், இந்த ஹாலைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு. எங்க டைரக்டர் தேடுற எழவு வீடு இதேதான்!"

சாமி மாறிய சுவர்

ஆர்ட் டிபார்ட்மென்ட் என்று சிலர் வந்தார்கள். புதுச் சுவரில் டீத்தூள் தண்ணீரைத் தெளித்துப் பழைய சுவராக்கினார்கள். படத்தில் வருவது இந்துக் குடும்பம் என்பதால் எங்கள் திருஇருதய ஆண்டவரை இறக்கிப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, அதே ஆணியில் முருகனை மாட்டினார்கள். பட்டையும் குங்குமமுமாகக் கதவு நிலை ஜொலித்தது. மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த செல்வி, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, சாமிய மாத்திட்டீங்களா? ஃபாதர் கோச்சிக்க மாட்டாரா?"

மடியில் இறங்கிய படம்

அதே சுவரில் இன்னொரு படம் இருந்தது. என் நாத்தனார் நிர்மலாவின் புருஷன். திண்டிவனத்துக்கு பைக்கில் போனவர் ஆம்புலன்ஸில் திரும்பினார். அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டன. அன்றிலிருந்து நிர்மலா எங்களோடுதான் இருக்கிறாள். சாப்பிடுவாள், துணி மடிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான். அழுதாலாவது தேவலை என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். கான்வென்ட்டில் எனக்கு நிமிர்ந்து உட்காரச் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, ஆறுதல் சொல்லக் கற்றுத்தரவில்லை. எனக்குத் திட்டத்தான் வரும்.

ஆர்ட்காரர் ஏணியைச் சாத்தினதும் அவளே வந்து படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எனக்கு அவள் வேலை ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எல்கேஜி டீச்சராக இருந்தவள். அந்த ஸ்கூலின் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, ஜூனில் நிர்மலா வருகிறாளா இல்லையா என்று இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார். "இன்னும் எத்தனை நாள் அந்த சிஸ்டரை இழுத்தடிப்பே? முடிவு சொல்லுடி" என்றேன். அவள் படத்துக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தபடியே சொன்னாள்:

"எல்கேஜி டீச்சர்னா பசங்க முன்னாடி சிரிச்சிக்கினே இருக்கணும் அண்ணி. எனக்கு அது வரல."

விசிலுக்குத் தடை

இப்போதெல்லாம் நடிக்கும்போதே பேச்சையும் பதிவு செய்துவிடுகிறார்களாம். ஆகவே என் வீட்டில் நான் இருமக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது, மிக்ஸி நினைப்பே கூடாது. காதில் பெரிய ஹெட்போன் மாட்டிய சவுண்ட்காரர் ஒருவர், குண்டூசி விழுந்தாலும் "சைலன்ஸ்!" என்று அலறுவார். ஒருநாள் பருப்புக்குக் குக்கர் வைத்துவிட்டேன். ஹீரோ கண் கலங்கி வசனத்தை ஆரம்பிக்கவும் விசில் அடிக்கவும் சரியாக இருந்தது. சவுண்ட்காரர் சமையலறை வாசலில் வந்து கை கூப்பினார்.

"அம்மா, பருப்பு வேகட்டும். நான் வேணாம்னு சொல்லல. சத்தமில்லாம வேகட்டும்."

அமாவாசையில் எழவு

சென்னைக்காரர்களுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. படத்தின் முக்கியமான சாவுக் காட்சியை அமாவாசையன்று வைத்துவிட்டார்கள். அழுவதற்குத் தொண்டூர் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வேன் வந்தது, டிரைவர் மட்டும் இறங்கினார். பெண்கள் அத்தனை பேரும் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் அங்காளம்மனைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஹீரோவுக்கு அன்றோடு கால்ஷீட் முடிகிறது. மேனேஜர் ஆள் அனுப்பும் ஏஜென்டுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் கத்தினார். ஏஜென்ட் பதறவே இல்லை.

"அமாவாசையில அம்மனைப் பாக்காம, உங்க பொணத்தையா சார் வந்து பாப்பாங்க?"

படுக்க ஆள் இல்லை

அழ ஆள் இல்லாததுகூடப் பரவாயில்லை. செத்துப்போகும் மனைவியாக நடித்த பெண்ணும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அமாவாசையன்று பிணமாகப் படுக்க மாட்டாளாம், அவள் அம்மா போனிலேயே தலையில் அடித்துக்கொண்டாளாம். முகம் தெரிகிற ஷாட்டைப் பிறகு சென்னையில் எடுத்துக்கொள்ளலாம், இன்றைக்குத் தூரத்து ஷாட்டுக்கு அந்த உயரத்தில் ஒரு பெண் படுத்தால் போதும் என்று டைரக்டர் கெஞ்சினார். தெருவில் கேட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் திடீரென்று கோயிலுக்குப் போகிற வேலை.

நிர்மலா காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எங்களுக்கு அமாவாசை கிமாவாசை எதுவும் இல்ல சார். நான் படுக்குறேன்."

கடைசி ஷாட்

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அறிவிருக்கா உனக்கு?" என்றேன். "சும்மாதானே அண்ணி படுத்துக் கிடக்கிறேன், அதை இங்க படுத்தா இன்னா?" என்றாள். பெஞ்சில் படுக்கவைத்து, சாமந்தி மாலை போட்டு, நெற்றியில் காசு வைத்தார்கள். அழ ஆள் குறைந்ததால் என்னையும் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். கிளிசரின் நீட்டிய பெண்ணை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். எதற்கு வேண்டாமென்றேன் என்பதை எழுத மாட்டேன். ஒரே டேக்கில் ஓகே ஆனது.

அதற்குப் பிறகுதான் வம்பு. பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கேமராவில் அந்த ஆளின் கடைசி முகம் செத்த முகமாக இருக்கக் கூடாது என்பது சினிமாக்காரர்களின் வழக்கம். நிர்மலா எழுந்து உட்கார்ந்தாள். "சிரிங்கக்கா" என்றார்கள். அவள் உதட்டை இழுத்தாள். "அது சிரிப்பு இல்லைம்மா" என்றார் கேமராமேன். டைரக்டர் ஜோக் சொன்னார். மேனேஜர் குரங்கு மாதிரி குதித்தார். மாலையும் கழுத்துமாக அவள் உட்கார்ந்தே இருந்தாள். கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது. "வரல சார், விட்டுடுங்க" என்றாள். கேமராமேன் வயதானவர், அசையவில்லை. "நீ சிரிக்காம நான் இதை ஆஃப் பண்ண மாட்டேம்மா. என் கையால வேணாம்."

எனக்குத் திட்டக்கூட வரவில்லை.

அப்போது உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஷாட் ஓகே என்ற சத்தம் கேட்டதுமே பசியில் இருந்த என் வீட்டுக்காரர் போய் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். ஹெட்போனைக் கழற்றாத சவுண்ட்காரர் துள்ளிக் குதித்து, சமையலறையைப் பார்த்து "சைலன்ஸ்!" என்று அலறினார். குக்கர் அவருக்குப் பதில் சொல்வது போல இன்னொரு விசில் அடித்தது.

நிர்மலாவின் தோள் முதலில் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு மாலையிலிருந்து சாமந்தி உதிர உதிரச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் நீர் வழிய, பெஞ்சிலிருந்து சரிகிற அளவுக்குச் சிரித்தாள்.

"நான் செத்தாலும் உங்க குக்கர் விடாது அண்ணி!"

பேக்-அப்புக்குப் பிறகு

கேமராமேன் அந்தச் சிரிப்பை மானிட்டரில் போட்டுக் காட்டினார். நிர்மலா யாரோ தெரிந்தவளைப் பார்ப்பது போல உற்றுப் பார்த்தாள். "இன்னொரு வாட்டி போடுங்க சார்" என்றாள். போட்டார்.

வேன்கள் கிளம்பிப் போனதும் முருகன் இருந்த இடத்துக்கு ஆண்டவர் திரும்பினார். தன் புருஷன் படத்தை அவளே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று கேட்டாள். இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றேன். சரி செய்துவிட்டு, ஸ்டூலில் நின்றபடியே சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"சிஸ்டர் நம்பர் குடுங்க அண்ணி. நானே பேசிக்கிறேன், நீங்க பேசினா அவங்க வேற ஆளையே போட்டுடுவாங்க."

வீட்டை ஷூட்டிங்குக்கு விடலாமா என்று கேட்கிற சகோதரிகளே, ஆணி ஓட்டையும் டீத்தூள் கறையும்தான் மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டு விடுங்கள், அதற்குமேல் ஏதாவது மிஞ்சினால் வாயைத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.